கணினியின் பதிவகமும் அதன் காவலும்

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். தல வரலாறு எழுதவும் திருமுறைக்கு விளக்கம் சொல்லவும் தகுதி படைத்த பெரியவர்கள் நம்மிடையே பலர் இருக்க, கணினி பழுதுபார்த்துப் பிழைத்தவன் எதை எழுதுவது? "தெரிந்ததை எழுதுங்கள் ஐயா, அது போதும்" என்றார் குழுத்தலைவர். ஆகவே தெரிந்ததையே எழுதுகின்றேன்.

நன்கொடையாளர்களாகிய உங்களுக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பொது அமைப்பு ஒன்றுக்கு நீங்கள் ஐம்பது வெள்ளி கொடுத்தாலும் ஐயாயிரம் வெள்ளி கொடுத்தாலும் பற்றுச்சீட்டில் உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண், சில வேளைகளில் அடையாள அட்டை எண்ணும் எழுதப்படுகின்றன. உதவி கேட்டு வருவோர் இதைவிட அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. வருமானம் எவ்வளவு, வீட்டில் யாருக்கு என்ன நோய், கணவர் உடன் இருக்கின்றாரா இல்லையா என்பது வரை எழுதிக் கொடுக்கின்றனர். அத்தனையும் இன்று ஏதோ ஒரு கணினிக்குள்தான் இருக்கின்றது. அந்தக் கணினியை யார் காக்கின்றார்கள் என்று நாம் கேட்பதில்லை. நானும் ஒரு காலத்தில் கேட்கவில்லை.

2001ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் நடந்தது இது. நம் சமூகத்தின் பொது அமைப்பு ஒன்றுக்கு நான் வார இறுதிகளில் ஊதியமின்றிக் கணினி வேலை பார்த்து வந்தேன். விண்டோஸ் 98 இயங்கும் ஒரே ஒரு கணினிதான் அங்கு இருந்தது. அலுவலக அம்மையாருக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. இணைத்துள்ள கோப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அவரும் திறந்தார். உள்ளே உண்மையாகவே ஒரு கடிதம் இருந்தது. தமக்குச் சம்பந்தமில்லாத கடிதமாக இருக்கவே, தவறி வந்துவிட்டது போலும் என்று மூடிவிட்டார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. நானாக இருந்தாலும் திறந்திருப்பேன்.

சில நாள்கள் சென்றபின் ஒரு தொலைபேசி அழைப்பு. "உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு ஏன் இந்தக் கடிதத்தை அனுப்பினீர்கள்?" என்று கேட்டார் ஒருவர். அவர் படித்துக் காட்டியது, மகனின் கல்விக்கு உதவி கேட்டு ஒரு தாய் எங்களுக்கு எழுதியிருந்த விண்ணப்பத்தின் தட்டச்சுப் பிரதி. குடும்பத்தின் கஷ்டம் முழுவதும் அதில் இருந்தது. அன்று மாலைக்குள் அதே போன்று மேலும் நான்கு அழைப்புகள் வந்தன.

அந்த நச்சுநிரலின் பெயர் சர்கேம். அதே மாதம்தான் உலகில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கணினியில் 'மை டாக்குமெண்ட்ஸ்' என்னும் உறையிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுக்கும். தன்னை அதனோடு ஒட்டிக்கொள்ளும். முகவரிப் புத்தகத்தில் உள்ளவர்களுக்கும், நாம் பார்த்த இணையப் பக்கங்களின் நகல்களில் தென்படும் முகவரிகளுக்கும் அனுப்பி வைக்கும். பெறுபவர் திறந்தால் கடிதமும் திறக்கும், கூடவே நச்சுநிரலும் உள்ளே புகும். அலுவலக அம்மையார் பார்த்த கடிதமும் அப்படி யாரோ ஒருவர் வீட்டுக் கடிதம்தான்.

செய்தி கேட்டு ஓடினேன். நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் கொண்ட குறுந்தட்டைப் போட்டேன். சர்கேம் கோப்புகளைக் கண்டுபிடித்து அழித்தது. வேலை முடிந்தது என்று மார்தட்டிக்கொண்டு கணினியை மறுபடி முடுக்கினேன். எந்த நிரலும் திறக்கவில்லை. எதைச் சொடுக்கினாலும் 'சர்க்32' என்னும் கோப்பைக் காணவில்லை என்ற ஒரே அறிவிப்பு. நோயாளியைக் குணப்படுத்தப் போய் மூச்சையே நிறுத்திவிட்டேன் என்று தோன்றியது.

அன்றுதான் கணினியின் பதிவகம் என்றால் என்னவென்று எனக்கு உண்மையில் விளங்கியது. அதுவரை பெயரளவில்தான் தெரியும்.

பதிவகம் என்பது யாது?

விண்டோஸ் இயங்கும் ஒவ்வொரு கணினியிலும் ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று உண்டு. அதனையே தமிழில் பதிவகம் என்கின்றோம். கணினி தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் பெரிய ஏடு அது. எந்த அச்சுப்பொறி இணைந்திருக்கின்றது, எந்தத் தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டுள்ளது, எந்த வகைக் கோப்பை எந்த நிரலைக் கொண்டு திறக்க வேண்டும், கணினியை முடுக்கியதும் எவை எவை தாமாக எழுந்து வேலை தொடங்க வேண்டும் என்பன போன்ற ஆயிரக்கணக்கான குறிப்புகள் அதில் உள்ளன. முன்பு இவை 'வின்.இனி', 'சிஸ்டம்.இனி' என்று தனித்தனி எழுத்துக் கோப்புகளில் சிதறிக் கிடந்தன. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் சிறிய அளவில் தொடங்கிய பதிவகம், 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்கும் ஏடாக விரிந்தது.

ஓரிடத்தில் சேர்ப்பது நமக்கு வசதி. திருடனுக்கும் அதுவே வசதி.

நச்சுநிரல் ஒன்று கணினிக்குள் நுழைவது அதற்கு முதல் வெற்றிதான். கணினியை அணைத்து முடுக்கிய பின்னும் உயிரோடு இருந்தால்தான் அதன் காரியம் நடக்கும். அதற்குப் பதிவகத்தில் ஒரு வரி எழுதினால் போதும். 'ரன்' என்ற தலைப்பின் கீழ்த் தன் பெயரைச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு நாள் காலையிலும் கணினியே அதை அன்புடன் எழுப்பிவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகையே உலுக்கிய 'ஐ லவ் யூ' புழுவும் அங்கேதான் தன் பெயரை எழுதியது. அதுவும் 'எம்எஸ்கெர்னல்32' என்று, பார்த்தால் கணினியின் சொந்த உறுப்பு என்று நம்பும்படியான பெயரில்.

சர்கேம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. தொடக்கப் பட்டியலில் 'டிரைவர்32' என்ற பெயரில் ஒரு வரி எழுதியதோடு, நிரல்களைத் திறக்கும் விதியையே மாற்றிவிட்டது. 'எக்ஸி' வகைக் கோப்பைச் சொடுக்கினால் அதனை நேரே ஓட்டு என்று இருந்த விதியை, முதலில் என்னை ஓட்டு, பிறகு அதனை ஓட்டு என்று திருத்தி எழுதியது. திருடன் ஒருவன் வீட்டில் நுழைந்து, காவற்காரர் பட்டியலில் தன் பெயரை எழுதிக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் திருடனை விரட்டினேன், பட்டியலைத் திருத்தவில்லை. வந்தவர்களை எல்லாம் காவற்காரரைப் பார்த்துவிட்டு உள்ளே போகுமாறு பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் காவற்காரர்தான் இல்லையே!

பட்டியலைத் திருத்துவதற்கான கருவி 'ரெஜ்எடிட்' என்பது. அதுவும் ஒரு எக்ஸி கோப்புத்தான். ஆகவே அதுவும் திறக்கவில்லை. பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே! கடைசியில் சக தொழிலாளர் ஒருவர் தொலைபேசியில் வழி சொன்னார். டாஸ் திரையில் அந்தக் கருவிக்கு ஒரு நகல் எடுத்து, அதன் பெயர் ஈற்றை 'எக்ஸி' என்பதிலிருந்து 'காம்' என்று மாற்றி ஓட்டச் சொன்னார். காம் வகைக்கான விதியைச் சர்கேம் தொடவில்லை. கருவி திறந்தது. ஒரே ஒரு வரியைப் பழையபடி எழுதினேன். கணினிக்கு உயிர் வந்தது.

வெளியே சென்றுவிட்ட கடிதங்களை எந்தக் கருவியாலும் திரும்ப அழைக்க முடியவில்லை. செயலாளர் அந்தத் தாயின் வீட்டுக்கு நேரில் சென்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். நானும் உடன் சென்றேன். அவர் கோபப்படவில்லை. "யார் யாருக்கு ஐயா போயிருக்கு?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் விடை இல்லை.

பூட்டு வந்தது, சாவியை ஊருக்கே கொடுத்தோம்

விண்டோஸ் 98இல் பதிவகத்துக்குப் பூட்டே கிடையாது. கணினி முன் அமர்ந்த எவரும், அவர் திறந்த எந்த நிரலும், எந்த வரியையும் மாற்றலாம். விண்டோஸ் என்டி வழியில் வந்த எக்ஸ்பியில் பூட்டு இருந்தது. கணினி முழுவதற்கும் பொதுவான பகுதியை நிர்வாகிக் கணக்கு மட்டுமே திருத்த முடியும் என்ற ஏற்பாடு அதில் உண்டு. (கணினியில் நிர்வாகி என்பது ஒரு வகைப் பயனர் கணக்கு. நம் கோயில் நிர்வாகிகளை நான் குறிப்பிடவில்லை!) ஆயினும் எக்ஸ்பியை நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கே நிர்வாகிக் கணக்காக அமைந்தது. எல்லாரும் அதிலேயே கடிதம் தட்டினார்கள், அதிலேயே மின்னஞ்சல் படித்தார்கள், அதிலேயே பிள்ளைகள் விளையாடினார்கள். நாம் நிர்வாகியாக அமர்ந்திருக்கும்போது நாம் அறியாமல் திறந்துவிட்ட நச்சுநிரலும் நிர்வாகியாகவே ஓடும். கட்டுரையில் ஏதேனும் ஒன்றை நீங்கள் நினைவில் வைப்பதாக இருந்தால் இதனை வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

2007இல் பொதுமக்களிடம் வந்த விண்டோஸ் விஸ்டாவில் இதற்கு ஒரு பரிகாரம் செய்தனர். ஒரு நிரல் பொதுப் பகுதியில் கைவைக்க முனையும்போது திரை மங்கி, இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கின்றீர்களா என்று ஒரு பெட்டி கேட்கும். விஸ்டாவில் அது ஓயாமல் கேட்டது. மக்கள் சலித்துக்கொண்டனர். என்னிடம் வந்த வாடிக்கையாளர் பலர் அதனை அணைத்துத் தருமாறு கேட்டனர், நானும் அணைத்துக் கொடுத்தேன். சர்கேமில் பட்ட பாடு மறந்துபோயிருந்தது. 2008 நவம்பரில் கான்ஃபிக்கர் என்னும் புழு கிளம்பியது. வலையமைப்பின் வழியாகவும், தம்ப் டிரைவ் என்று நாம் சொல்லும் விரலியின் வழியாகவும் பரவியது. கணினியின் சேவைகளுள் ஒன்றாகத் தன்னைப் பதிவகத்தில் பதிந்துகொண்டு, புதுப்பிப்புச் சேவையையும் பாதுகாப்புச் சேவையையும் நிறுத்திவைத்தது. அதை எழுதியவரைப் பிடிக்க உதவுவோருக்கு 250,000 அமெரிக்க டாலர் தருவதாக மைக்ரோசாஃப்ட் 2009இல் அறிவித்தது. அப்புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தமோ அதற்கு முன்பே, 2008 அக்டோபரிலேயே, இலவசமாக வெளிவந்துவிட்டிருந்தது.

இன்று செய்யத்தக்கவை

இன்றைய விண்டோஸ் 11இல் பூட்டு நன்றாகவே இருக்கின்றது. செட்டிங்ஸ் பகுதியில் அக்கவுண்ட்ஸ் என்னும் இடத்தில் இன்னொரு பயனரைச் சேர்த்து, அக்கணக்கைச் சாதாரணக் கணக்காக வைத்து, அன்றாட வேலையை அதிலேயே செய்யுங்கள். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் வேறாக இருக்கட்டும். அப்படிச் செய்தால் அந்த அனுமதிப் பெட்டி வெறும் 'ஆம்' என்பதோடு விடாது, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்த ஒரு நிமிடத் தடை பெரிய காவல். பெட்டியில் வெளியீட்டாளர் பெயர் இருக்கும், அதைப் படியுங்கள். வெளியீட்டாளர் யாரென்று தெரியவில்லை என்று மஞ்சள் நிறத்தில் வந்தாலும், நீங்கள் எதையும் நிறுவாத வேளையில் பெட்டி தானாக வந்தாலும், இல்லை என்று சொல்லி மூடிவிடுங்கள்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பதிவகத்தில் பொதுப் பகுதி போக ஒவ்வொரு பயனருக்கும் தனிப் பகுதி ஒன்று உண்டு. அதைத் திருத்தச் சாதாரணக் கணக்கே போதும். அங்கும் ஒரு 'ரன்' பட்டியல் இருக்கின்றது. நச்சுநிரல் அங்கே எழுதிக்கொண்டு, அந்தப் பயனருடைய கோப்புகளைத் திருடவோ பூட்டவோ முடியும். ஆனால் பாதுகாப்பு மென்பொருளை வீழ்த்தி, அடுத்தவர் கணக்குக்குள் தாவி, கணினி முழுவதையும் தன்வசப்படுத்துவது அதற்குக் கடினமாகிவிடும். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியை மாதம் ஒருமுறை பார்த்துவாருங்கள். முன்பு இல்லாத பெயர் எதுவும் புதிதாகத் தென்பட்டால், விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'ஆட்டோரன்ஸ்' என்ற கருவி இன்னும் விரிவாகக் காட்டும்.

விண்டோஸோடு வரும் டிஃபென்டர் பாதுகாப்பு மென்பொருளைப் பதிவகத்தின் வழியாகவே அணைத்துவிடும் தந்திரம் நெடுநாள் நடந்தது. 2019 முதல் 'டாம்பர் புரொடக்ஷன்' என்னும் காவல் அதற்குத் தடை போடுகின்றது. வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் அது திறந்திருக்கின்றதா என்று பாருங்கள். திருட்டு மென்பொருளை இறக்குபவர்கள், முதலில் இதனை அணையுங்கள் என்று சொல்வார்கள். எதற்காக அணைக்கச் சொல்கின்றார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பதிவகத்தைத் துப்புரவு செய்து கணினியை வேகமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களையும் தொடாதீர்கள். மைக்ரோசாஃப்டே அவற்றை ஆதரிப்பதில்லை. நல்லெண்ணம் கொண்ட இளைஞர் ஒருவர் ஓர் அலுவலகத்தில் அத்தகைய ஒன்றை ஓட்டினார். பழைய தமிழ் எழுத்துருக்களின் பதிவுகள் தேவையற்றவை என்று அது நீக்கிவிட்டது. முகவரிப் பட்டியல் முழுவதும் பழைய முறைத் தமிழில் இருந்தது. திருவிழா அழைப்பிதழ் உறைகளில் தமிழ்ப் பெயர்களுக்குப் பதிலாக ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக அச்சாகி வந்தன. எழுத்துருவை மீண்டும் நிறுவியதும் சரியாயிற்று. வீணான உறைகள் மட்டும் ஒரு பெட்டி நிறைய.

பதிவகத்தைக் கையால் திருத்துவதும் அப்படித்தான். கட்டாயம் திருத்த வேண்டுமென்றால், தொடப்போகும் பகுதியை முதலில் 'எக்ஸ்போர்ட்' செய்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விண்டோஸ் தானாகவே பதிவகத்துக்கு ஒரு காப்புநகல் எடுத்து 'ரெக்பேக்' என்னும் உறையில் வைத்துக்கொண்டிருந்தது. என் போன்ற பழைய தொழிலாளர்கள் பலர் அது இன்னமும் நடப்பதாக நம்பிக்கொண்டிருக்கின்றனர். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அது நின்றுவிட்டது. உறையைத் திறந்தால் கோப்புகளின் பெயர்கள் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஆகவே சிஸ்டம் புரொடக்ஷன் பகுதிக்குச் சென்று மீட்புப் புள்ளி வசதியைத் திறந்து வையுங்கள். பல கணினிகளில் அது அணைந்தே கிடக்கின்றது.

மீட்புப் புள்ளி பதிவகத்தைத்தான் மீட்கும், உங்கள் கடிதங்களையும் பட்டியல்களையும் அல்ல. மேலும், 2017 மே 12ஆம் நாள் பரவிய வான்னாகிரை போன்ற பணயநிரல்கள் அந்தப் புள்ளிகளையே அழித்துவிடும். எனவே முக்கியக் கோப்புகளுக்கு வெளி வன்தட்டில் ஒரு நகல் வேண்டும். நகல் எடுத்ததும் அதனைக் கழற்றி வைக்க வேண்டும். இணைந்தே இருக்கும் தட்டு கணினியோடு சேர்ந்தே பாழாகும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதையும் அலுவலகப் பொறுப்பாளர்கள் கவனிக்க வேண்டும்.

2024 முதல் பெருகிவரும் ஒரு புதிய ஏமாற்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஏதோ ஓர் இணையப் பக்கம், நீங்கள் இயந்திரம் அல்ல மனிதர்தான் என்று மெய்ப்பிக்கச் சொல்லும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்துங்கள், பிறகு கண்ட்ரோல், வி அழுத்துங்கள், பிறகு என்டர் அழுத்துங்கள் என்று வரிசையாகச் சொல்லும். பார்க்க ஏதோ விளையாட்டுப் போலிருக்கும். உண்மையில் அந்தப் பக்கம் களவாக நகலெடுத்து வைத்த கட்டளையை நம் கையாலேயே கணினிக்கு ஊட்டுகின்றோம். எந்த இணையத்தளத்துக்கும் இப்படி ஒரு சோதனை தேவையில்லை. அப்படிக் கேட்டால் பக்கத்தை மூடிவிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் வீட்டில் உள்ள முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லுங்கள்.

கைத்தொலைபேசியிலும் கதை இதுதான். விலை மலிவாகப் பொருள் தருவதாகவோ வீடு துப்புரவு செய்வதாகவோ சொல்லி, வாட்ஸ்அப்பில் 'ஏபிகே' என்னும் கோப்பை அனுப்புவார்கள். நிறுவியதும் 'அக்செஸிபிலிட்டி' அனுமதி கேட்கும். அதைக் கொடுத்தால் உங்கள் திரை அவர்கள் கையில். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வகையில் சேமிப்பை இழந்தோர் பலர். கூகுள் நிறுவனம் 2024இல் இத்தகைய நிரல்களைத் தானாகவே தடுக்கும் முயற்சியைச் சிங்கப்பூரில்தான் முதலில் தொடங்கியது.

நான் முதலில் சொன்ன அந்த அமைப்பில் இன்று மூன்று கணினிகள் இருக்கின்றன. அனைவரும் சாதாரணக் கணக்கில்தான் வேலை செய்கின்றனர். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை ஓர் உறையிலிட்டு ஒட்டி, பொருளாளர் தம் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கின்றார். உதவி விண்ணப்பங்கள் ஒரே கணினியில்தான் இருக்கும், அதில் மின்னஞ்சல் கிடையாது. சனிக்கிழமை மாலையில் வெளி வன்தட்டில் நகல் எடுத்து அதே இரும்புப் பெட்டியில் வைத்துவிடுகின்றோம். அண்மையில் ஒரு வியாழக்கிழமை, புதிய அச்சுப்பொறியை இணைக்கக் கடவுச்சொல் வேண்டுமென்று தொண்டர் ஒருவர் பொருளாளரைக் கேட்டிருக்கின்றார். "சனிக்கிழமை ஐயா வருவார், அதுவரை பற்றுச்சீட்டைக் கையால் எழுதுங்கள் தம்பி" என்று சொல்லிவிட்டார் பொருளாளர். தம்பிக்குச் சற்று வருத்தம். சனிக்கிழமை நான் சென்று பெட்டியில் வந்த வெளியீட்டாளர் பெயரை அவரையே படிக்கச் சொல்லிவிட்டுக் கடவுச்சொல்லை இட்டேன். நண்பகலுக்குள் அச்சுப்பொறி வேலை செய்யத் தொடங்கிவிட்டது.